வெயில் தேடிப் போன வெள்ளைக் கார்

மலை முழுக்க மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது வெயில் எங்கே போய் இருக்கும்?

ஆனி மாதத்தில் ஒரு காலை, முத்துலிங்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் இதைக் கேட்டார். கொழுந்து எடுக்கப் போன பெண்களிடம் கேட்டார். பால்காரரிடம் கேட்டார். பரீட்சை எழுதி முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னிடமும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தேன், வானமே தெரியவில்லை.

"மேலதான் எங்கயாவது இருக்கும்ணே" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அவருடைய வெள்ளைக் கார் மஞ்சள் மூஞ்சியோடு நின்றது. விடிந்தால் கல்யாணம்.

முத்துலிங்கத்தை நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தெரியாதவர்கள் குறைவு. தேயிலை ஃபெக்டரி லொறியில் கிளீனராகத் தொடங்கியவர். பிறகு கொழும்பில் ஒரு டாக்டர் வீட்டில் டிரைவராக இருந்தார். கார் கழுவுகிற பித்து அங்கேதான் பிடித்தது. ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டி படுக்கையைவிடப் பெரிய சாமானாக ஒரு பழைய வெள்ளைக் காரையும் கொண்டுவந்தார். ஏன் வெள்ளை என்று கேட்டால், "கல்யாணப் பொண்ணு ஏறுற வண்டி வேற என்ன நெறத்துல இருக்கும்?" என்பார். அப்படியே ஆயிற்று. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் மேளத்துக்குச் சொல்லிவிடுவது போல அவருக்கும் சொல்லிவிடுவார்கள்.

செம்மண் ரோடும் ஓயாத தூறலும் உள்ள இடத்தில் வெள்ளைக் கார் வைத்திருப்பது, கைக்குழந்தைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி மாம்பழத்தைக் கையில் கொடுப்பது மாதிரி. ஆனாலும் அந்தக் கார் எப்போதும் பளிச்சென்று இருக்கும். காலையில் அவர் முகம் கழுவுவதற்கு முன்பே கார் முகம் கழுவிவிடும். இரண்டு வாளி வைப்பார். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு இடத்தைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசி, அதில் ஒட்டிய மண்ணைப் போக்கிவிட்டுத்தான் திரும்ப ஷாம்பில் நனைப்பார். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவார். சக்கரத்துக்கு வேறு துணி. துணி தரையில் விழுந்துவிட்டால் அது காருக்கு ஆகாது, அடுப்படிக்குப் போய்விடும். காய்ந்த தூசியைத் தப்பித் தவறியும் துடைக்க மாட்டார். "தூசிங்கிறது என்னா? பொடிப் பொடிக் கல்லு. தேச்சா பெயின்ட்டுல கோடு விழுந்திரும்" என்பார். காகம் எச்சம் போட்டால் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிடுவார்; பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சல்காரன் நெற்றி ஞாபகம் வரும். நானுஓயா ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு எட்டத்தான் நிறுத்துவார். ரயில் பிரேக் போடும்போது பறக்கிற இரும்புத் தூள் வெள்ளையில் ஒட்டிக்கொண்டால், மழையில் துருவேறிச் செம்புள்ளியாக முளைக்குமாம்.

அவருடைய மனைவி அழகம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வாய் கொஞ்சம் நீளம். காருக்கு மெழுகு வெக்ஸ் போட்டு அவர் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிற அழகைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்:

"என்னைக் கட்டுன நாள்லருந்து ஒருவாட்டியாவது என் முதுகத் தேச்சு விட்டிருக்கீங்களா?"

"நீ வெயில்லயா நிக்கிற? மழையிலயா நிக்கிற?"

"ரெண்டுலயுந்தான். கூடயும் மாட்டிக்கிட்டு."

முத்துலிங்கம் துணியை அலசப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு சவாரிக்காகத்தான் அந்தக் காரைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. அவருடைய அக்கா காளியாயியின் மகள் சுதர்ஷினி, கார் வந்த நாளில் பாலர் வகுப்புப் பிள்ளை. மூக்கு ஒழுக ஓடிவந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, என் கல்யாணத்துக்கு இதுலதான் போவேன்" என்றாள். "உன்னைய ஏத்தாம வேற யாரம்மா ஏத்துவேன்" என்றார் முத்துலிங்கம். அவள் வளர்ந்து, நுவரெலியாவில் ஒரு முன்பள்ளியில் டீச்சராகவும் ஆகிவிட்டாள். அந்தப் பேச்சை இரண்டு பேருமே மறக்கவில்லை. ஹட்டன் பக்கத்தில் ஜீவராஜ் என்ற பையனுக்கு அவளை நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் பெரியப்பா, "எங்க கறுப்பு ஜீப்பு சும்மாதான் நிக்கிது, பொண்ணழைக்க அனுப்பட்டா?" என்று கேட்டார். வெற்றிலைத் தட்டைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாய்மாமன் கார் இருக்குங்க" என்றார் அவர். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் கனவிலெல்லாம் கறுப்பு ஜீப் வர ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பெருங்காற்று அடித்தது. ஒரு கிளை முறிந்து காரின் பொனெட்டில் விழுந்தது. நெளிவு எடுத்துப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. கராஜில் பெயின்ட் அடித்த பாஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசத்துக்கு பொனெட்டுல வெக்ஸ் தொடக்கூடாது. புதுப் பெயின்ட் உள்ளுக்குள்ள காயணும். மூச்சு விடட்டும்." முத்துலிங்கம் சொன்னபடி கேட்டார். கார் முழுக்க வெக்ஸ் கவசம். பொனெட் மட்டும் வெறும் மேலோடு இருந்தது. கல்யாணம் வரைக்கும் அதில் ஒன்றும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார்.

ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு மஞ்சள் தண்ணீர் விளையாட்டு. முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். மாமன் மகன், அத்தை மகள், மச்சான், கொழுந்தி என்று ஒருவரும் தப்ப முடியாது, கோபித்துக்கொள்ளவும் முடியாது. வருடா வருடம் அன்று விடியும்போதே முத்துலிங்கம் காரை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஓடிவிடுவார். இந்த வருடம் கீழ் வளைவில் மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது. வெட்டி எடுத்து வழிவிட மத்தியானம் தாண்டிவிட்டது.

அதற்குள் மூடுபனி இறங்கியிருந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலிருந்து தப்பு மேளச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அந்தக் களத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்தோம் என்று முத்துலிங்கம் காரை எடுத்தார். லைட் போட்டால் கண்டுகொள்வார்கள், ஹோர்ன் அடித்தால் வளைத்துக்கொள்வார்கள் என்று இரண்டும் இல்லாமல், கோழி திருடப் போகிறவனைப் போல ஊர்ந்து வந்தார். மூடுபனி வெள்ளை. காரும் வெள்ளை. பத்தடி தூரத்தில் கார் வருவது அம்மனுக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும்.

களத்தில் சுதர்ஷினி இருந்தாள். கல்யாணப் பொண்ணு வாசல் தாண்டக்கூடாது என்று அவளுடைய அம்மா காவல் வைத்திருந்தும், பின்பக்க வாசலால் வந்துவிட்டாள். இதுதான் இந்தத் தோட்டத்தில் அவளுடைய கடைசி மஞ்சள் தண்ணீர். முத்துலிங்கத்தின் மகன் லோஜன், அவளுக்கு மாமன் மகன், வருடம் முழுக்க அவளைக் கேலி செய்தவன். அவனைச் சும்மா விட்டுவிட்டுக் கல்யாணம் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்தினாள்.

"டீச்சரம்மாவுக்கு கை நடுங்குது பாரு" என்றான் லோஜன், பின்பக்கமாகவே ஓடிக்கொண்டு.

"நில்லுடா எருமை."

வாளி எழும்பியது. லோஜன் குனிந்தான். மஞ்சள் தண்ணீர் முழுவதும் அவன் தலைக்கு மேலால் பறந்து மூடுபனிக்குள் போனது. தரையில் விழுகிற சத்தம் வரவில்லை. தகரத்தில் விழுகிற சத்தம் வந்தது. பிறகு மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாத்தே."

மாமாவின் குரல் என்று சுதர்ஷினிக்கு உடனே தெரிந்துவிட்டது.

உடனே கழுவினார்கள். வெக்ஸ் போட்ட கூரையிலும் கதவிலும் மஞ்சள் ஒட்டவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. பொனெட் மட்டும் குடித்துவிட்டது. எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் முட்டை மஞ்சள் கருவைப் பூசியது போல அப்படியே இருந்தது. முத்துலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த அந்த நேரத்தில்தான் காளியாயி உடுப்புச் சவர்க்காரக் கட்டியோடு வந்தார். துணியில் பட்ட கறையை அவர் ஆயுள் முழுக்கச் சவர்க்காரத்தால்தான் வென்றிருக்கிறார். காரும் ஒரு துணிதானே என்று நினைத்து, பொனெட்டின் நடுவில் பட்டையாக இழுத்துத் தேய்த்தார்.

மஞ்சள் சிவந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமமாகச் சிவந்தது.

"அக்கா," என்றார் முத்துலிங்கம். "என் காருக்கு ஆரத்தியா எடுக்குற?"

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சவர்க்காரத்துக்குள்ளும் சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. லோஜன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அழகம்மா ஒரு தேசிக்காயை வெட்டி மெல்லப் பிழிந்தார். சிவப்பு இறங்கி, திரும்ப மஞ்சளானது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் சனியனாகத் தெரிந்த மஞ்சள், சிவப்பைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குக் கொஞ்சம் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது.

தோட்டத்தில் செய்திக்குக் கால் தேவையில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையின் பெரியப்பா ஃபோன் எடுத்தார். "காருக்கு என்னமோ மஞ்சக் காமாலையாமே? ஒண்ணும் யோசிக்காதீங்க சம்பந்தி. ஜீப்ப அனுப்பி வைக்கிறேன்."

"நாளைக்குச் சொல்றேனுங்க" என்று முத்துலிங்கம் ஃபோனை வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. அழுக்கு என்றால் கழுவலாம், கீறல் என்றால் பொலிஷ் போடலாம். இது பெயின்ட்டுக்குள்ளேயே போய்க் குடியிருக்கிறது. தேய்த்தால் புதுப் பெயின்டும் போய்விடும்.

சுதர்ஷினி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"மாமா, நான் சின்னப் புள்ளையில ஸ்கூல் வெள்ளச் சட்டையில மஞ்சக் கறியக் கொட்டிக்கிட்டுத்தானே வருவேன். அம்மா எவ்வளவு தோச்சாலும் போகாது. கொடியில போட்டா, வெயில் பட்டுப் பட்டு மறுநாள் காணாமப் போயிரும். மஞ்சளுக்கு வெயிலுதான் எமன்."

முத்துலிங்கம் அவளைப் பார்த்தார். அழகம்மாவைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து வாசலுக்கு வெளியே பார்த்தார்கள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கேட்ட கேள்வி அப்படிப் பிறந்ததுதான். லயத்தில் பதில் கிடைக்காததால் ஃபோனில் கேட்கத் தொடங்கினார். ஹட்டனில் இருக்கிற, தூரத்துச் சொந்தத்தில் ஒரு மருமகன், "வெயிலா? அது எப்பிடி மாமா இருக்கும்?" என்றான். மலையடிவாரத்து நல்லதண்ணியில் கடை வைத்திருக்கும் சின்னம்மா மகன், "மலையே தெரியல அண்ணே. இங்கனதான் நிக்கும்னு நம்பிக்கிட்டு இருக்கோம்" என்றான். இறம்பொடையில் ஒருவர், வெயில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அருவியில் தண்ணீர் நல்லா விழுது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றார்.

"இருந்து என்ன செய்ய, போய்த் தேடுவோம்" என்று சாவியை எடுத்தார் முத்துலிங்கம். அழகம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை; சோற்றைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். நுவரெலியா போகும் ரோட்டில் ஏறிய பிறகுதான், பின் சீட்டில் போர்வைக்கடியில் ஏதோ அசைந்தது.

"அத்தை, திட்டாதீங்க" என்றது போர்வை.

"அடிப்பாவி. நாளைக்குத் தாலி ஏறப்போற கழுத்துடி."

"கறை நான் வச்சது. போற வரைக்கும் நான் பாக்கணும்."

காரைத் திருப்பலாமா என்று அழகம்மா கேட்டார். திருப்பினால் காளியாயி மூன்று பேரையும் சேர்த்துப் பூட்டிவிடுவார் என்றார் முத்துலிங்கம். கார் மேலே போனது.

நுவரெலியாவிலும் அதே கதை. குதிரையெல்லாம் நனைந்து நின்றன. சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அடுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஸ்டீயரிங்கில் தாடையை வைத்துக்கொண்டார். எதிரே மரக்கறி லொறி ஒன்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. முத்துலிங்கம் சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கினார். கதவைத் திறந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே லொறிக்குப் பக்கத்தில் போய், அதன் பின்கதவில், தார்ப்பாய்க்கு அடியில் நனையாத இடத்தில், ஒரு விரலால் கோடு இழுத்தார். விரலைத் தூக்கிக் காட்டினார்.

"அழகு, தூசி."

"என்னது?"

"தூசி. காஞ்ச தூசி. சேறு இல்ல, தூசி."

வாழ்க்கை முழுக்கத் தூசியைத் திட்டித் தீர்த்த மனிதர், அந்த விரலைச் சாமி விபூதி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று சிரித்தார். லொறிக்காரர் ஒரு சிங்களப் பையன். இவருக்கு என்ன ஆயிற்று என்று கீழே குதித்தான்.

"மல்லி, லொறி எங்கேருந்து வருது?" என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார் முத்துலிங்கம்.

வெலிமடையிலிருந்து என்றான் அவன். அங்கே மழை இல்லையா என்று கேட்டதற்கு, மழையா, போஞ்சிச் செடிக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் அப்பா கிணற்றை எட்டி எட்டிப் பார்க்கிறார் என்றான். அவன் கழுத்துப் பின்புறம் வெயிலில் வெந்து சிவந்திருந்ததை முத்துலிங்கம் அப்போதுதான் கவனித்தார். அவனைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

ஹக்கலையைத் தாண்டுகிற வரைக்கும் கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அது வெறும் கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று கத்தத் தொடங்கியது. முத்துலிங்கம் அதை நிறுத்தினார். ஒரு வளைவு திரும்பினார்கள். யாரோ வெள்ளைப் படுதாவைப் பிடித்து இழுத்த மாதிரி மூடுபனி பின்னால் போனது. முன்னால் நீல வானம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெயில், கொட்டிக் கிடந்தது.

மூன்று பேரும் ரோட்டோரம் இறங்கினார்கள். சுதர்ஷினி தரையைக் காட்டினாள். "மாமா, நம்ம நிழல்." பார்த்துக் கனநாளாகியிருந்தது. அழகம்மா கையை ஆட்டினார், நிழலும் ஆட்டியது. முத்துலிங்கம் ஒரு காலைத் தூக்கினார், நிழலும் தூக்கியது. அப்படியே ரோட்டோரத்தில் மூன்று நிழல்களும் ஆறேழு நிமிடம் ஆடின. அந்த வழியால் போன பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தார்கள்.

போஞ்சித் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் காரை நிறுத்தி, பொனெட்டை நேரே சூரியனுக்குக் காட்டினார். சூரியன் நகர நகரக் காரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

"வடகம் காயப்போட்ட மாதிரியில்ல இருக்கு" என்றார் அழகம்மா. "காக்கா வராம நான் வேணும்னா கம்பு எடுத்துட்டு நிக்கட்டா?"

"நில்லு. எச்சம் போட்டாலும் போட்டுரும்."

காளியாயியின் ஃபோன் வந்தது. வீட்டில் போர்வை மட்டுமல்ல, பெண்ணும் இல்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

"தம்பி, எம் மகள எங்கடா வச்சிருக்க?"

"வெயில்ல வச்சிருக்கேன் அக்கா."

 காளியாயி அலறினார். "மொகம் கறுத்துப் போயிருமேடா. போட்டோக்காரனுக்கு நான் என்னடா சொல்லுவேன்? குடையப் புடிக்கச் சொல்லு அவள."

சுதர்ஷினி குடையைப் பிடித்தாள். குடையின் நிழல் பொனெட்டில் விழுந்தது. "எட்டப் போம்மா, எட்டப் போ" என்று முத்துலிங்கம் அவளை விரட்டினார். அவள் குடையை மடக்கிக் காருக்குள் போட்டுவிட்டு, "கறுத்தா கறுத்துட்டுப் போறேன் மாமா. வெள்ளையா இருக்கத்தான் கார் இருக்கே" என்றாள்.

தோட்டத்துக்காரப் பெண் ஒருவர், ஒரு காரைச் சுற்றி மூன்று பேர் வெகு நேரமாக உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் வந்து விசாரித்தார். சுதர்ஷினி சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னாள். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்தார். பிறகு அவரும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சோறு சாப்பிட்டு முடிந்தபோது மஞ்சள் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்று முத்துலிங்கம் சந்தேகப்பட்டார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெயில் உச்சியிலிருந்து சரிந்தபோது பொனெட் பால்கோவா நிறத்துக்கு வந்தது. பிறகு பாலின் நிறம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, அவர் கைக்குட்டையைப் பொனெட்டில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். கைக்குட்டை எங்கே இருக்கிறது என்று சட்டென்று தெரியவில்லை.

அவர் ஃபோனை எடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அடித்தார்.

"ஜீப்பு வேணாங்க" என்றார். "நம்ம கார்லயே கொண்டாந்து விடுறோம்."

வைத்த பிறகுதான் அவர் மூக்கு தோல் உரியும் அளவுக்குச் சிவந்திருந்ததை அழகம்மா காட்டினார்.

கல்யாணத்தன்று காலையும் மழைதான். ஆனால் லயத்து வாசலில் கார் நின்றபோது, பக்கத்தில் கட்டியிருந்த வாழைமரம்கூடக் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது. சுதர்ஷினி கூறைப்புடவையோடு பின் சீட்டில் ஏறினாள். பாலர் வகுப்பில் ஏறிய அதே பக்கம். "சொன்னேன்ல மாமா" என்றாள். முத்துலிங்கம் முன் கண்ணாடியைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் வெகு நேரம் சரி செய்தார்.

ஹட்டனில் தாலி கட்டு முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் அதே காரில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். தட்டில் சிவப்பாகத் தளும்பியது. அதைப் பார்த்த நிமிடமே முத்துலிங்கத்தின் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் முன்னால போங்க" என்றான் ஜீவராஜ்.

"வேணாம் மாப்ள. நடந்தா ஒடம்புக்கு நல்லது."

மணமக்கள் மழையில் குடை பிடித்து நடந்து போனார்கள். ஆரத்தி சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அத்தை, வழக்கப்படி தட்டைத் தெருவில் கொட்டுவதற்காகக் காரை நோக்கி வந்தார். முத்துலிங்கம் ரிவர்ஸ் போட்டார். அந்த அம்மா, வண்டிக்கு முன்னால்தானே ஊற்ற வேண்டும் என்று இன்னும் வேகமாக வந்தார். பின்னால் மதில். அதற்கு மேல் போக இடமில்லை. தட்டு சாய்ந்தது. ஹட்டன் காற்று ஒரு தரம் சுழன்றது. பொனெட்டின் நடுவில், அளந்து வைத்தது போல, மூன்று சிவப்புச் சொட்டு.

சுதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். காளியாயியின் கை தன்னை அறியாமல் சவர்க்காரம் தேடியது. முத்துலிங்கம் மெதுவாக இறங்கி வந்து, குனிந்து, அந்தப் பொட்டைப் பார்த்தார். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். வானம் இல்லை.

"வெலிமடைக்கா?" என்றார் அழகம்மா.

"சாப்புட்டுட்டுப் போவோம்" என்றார் அவர்.

"நானும் வர்றேன் மாமா" என்றாள் சுதர்ஷினி. ஒன்றும் புரியாமல் ஜீவராஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவனும் ஏறினான். நாலு பேருமாகத்தான் போனார்கள். அவர்கள் கல்யாண ஆல்பத்தில் கடைசிப் படம், போஞ்சித் தோட்டத்தின் ஓரத்தில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம்தான். முத்துலிங்கத்தின் மூக்கு அதில் பளபளக்கிறது. அதைவிடக் கார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வெள்ளைக் கார் வைத்திருந்தால், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மஞ்சள் பட்டால் சவர்க்காரக் கட்டியைத் தூர வைக்கச் சொல்லுங்கள், தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலைத் தேடச் சொல்லுங்கள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொருவருக்குச் சொல்லட்டும். நம் பக்கம் மழை விடாமல் பெய்தால், ரோட்டில் போகிற லொறிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த லொறியில் தூசி இருக்கிறதோ, அது வெயிலிலிருந்து வருகிறது.